பி.ஏ. ஆங்கிலம் படிக்க எந்தக் கல்லூரி? பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த மூன்று வருடத்தில் நான் முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்த புத்தகங்கள் நான்கே நான்கு. மற்றதெல்லாம் பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த கடையில் வாங்கிய கைடுதான். கல்லூரிக்கு ஊரில் நல்ல பெயர். தேர்ச்சி விகிதத்திலும் குறை சொல்ல முடியாது. ஆனால் வகுப்பில் யாரும் மூலப் புத்தகத்தைத் திறந்ததில்லை. ஆசிரியர் குறிப்பு சொல்வார், நாங்கள் எழுதிக்கொள்வோம், தேர்வில் அதையே திருப்பி எழுதுவோம். எம்.ஏ. படிக்க வேறு ஊருக்குப் போனபோதுதான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பி.ஏ.விலேயே இருபது முப்பது புத்தகங்களை முழுசாகப் படித்து, வகுப்பில் வாதாடிவிட்டு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த இடைவெளியை நிரப்ப எனக்குப் பல வருடம் பிடித்தது.

அதனால் மே மாதத்தில் யாராவது "எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி?" என்று கேட்டால், நான் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன். அங்கே சேர்ந்தால் மூன்று வருடத்தில் எத்தனை புத்தகத்தை முழுசாகப் படிக்க வைப்பார்கள்? இயற்பியலுக்கு ஆய்வுக்கூடம் எப்படியோ, ஆங்கில இலக்கியத்துக்கு முழுப் புத்தகம் படிப்பது அப்படி. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்குத்தான். தமிழ்நாட்டில் சேர நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: எதற்காகப் படிக்கிறோம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்

பள்ளி ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் பாதை தெளிவானது. பி.ஏ. ஆங்கிலம், அப்புறம் இரண்டு வருட பி.எட்., அதோடு ஆசிரியர் தகுதித் தேர்வு. மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர் ஆக எம்.ஏ.வும் பி.எட்.டும் வேண்டும். கல்லூரி ஆசிரியர் ஆக எம்.ஏ.வில் 55 சதவீதமும், நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) தகுதித் தேர்வில் தேர்ச்சியோ பிஎச்.டி.யோ தேவை.

இந்தப் பாதையில் போகிறவர்கள் ஒரு விஷயத்தைச் சேரும் முன்பே பார்த்துவிட வேண்டும். பட்டத்தின் பெயர். சில கல்லூரிகளில் "கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ்", "ஃபங்ஷனல் இங்கிலீஷ்", "இங்கிலீஷ் வித் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்" என்று பெயர் வைத்திருப்பார்கள். படிப்பு நன்றாகவே இருக்கலாம். ஆனால் ஆங்கிலப் பட்டம் கேட்கும் அரசுப் பணிக்குப் போகும்போது, அந்தப் பட்டம் பி.ஏ. ஆங்கிலத்துக்கு இணையானது என்று உயர்கல்வித் துறையின் அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். இருந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால் தேர்வில் மதிப்பெண் எடுத்த பிறகும் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுபோக வேண்டியிருக்கும். எந்தப் பெயராக இருந்தாலும், "இணைத்தன்மை அரசாணை எண் என்ன?" என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, நகல் ஒன்று வாங்கிப் பாருங்கள். "அதெல்லாம் ஒன்றும் பிரச்சினை வராது" என்று வாயால் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி.க்குத் தயாராகிறவர்களுக்குப் பெரும்பாலான பதவிகளில் ஏதாவது ஒரு பட்டம் போதும். இவர்களுக்கு வகுப்பு நேரமும் பக்கத்தில் ஒரு நல்ல நூலகமும்தான் முக்கியம். பத்திரிகை, பதிப்பகம், மொழிபெயர்ப்பு என்று போக நினைப்பவர்கள் அந்தப் பாடங்கள் விருப்பப் பாடமாக இருக்கிறதா என்று பார்க்கலாம்.

படி 2: கல்லூரி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி, செல்ஃப் ஃபைனான்ஸ் எனப்படும் சுயநிதிக் கல்லூரி என்று மூன்று வகை. பலரும் தடுமாறுவது நடுவில் உள்ளதில்தான். உதவி பெறும் கல்லூரி ஒன்றுக்குள்ளேயே எய்டட் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு இருக்கும். பெரும்பாலும் எய்டட் காலை ஷிப்ட், சுயநிதி மதியம். ஒரே வாசல், ஒரே பெயர், ஒரே பட்டம். ஆனால் கட்டணம் வேறு, ஆசிரியர்களும் பெரும்பாலும் வேறு. கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படும் முன், எந்தப் பிரிவில் என்று கேளுங்கள்.

அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். தமிழ்நாட்டில் 160-க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னை மாநிலக் கல்லூரி 1840-லிருந்தும், கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854-லிருந்தும், ராணி மேரி கல்லூரி 1914-லிருந்தும் இருப்பவை. பழைய அரசுக் கல்லூரிகளின் நூலகத்தில் இன்று விலை கொடுத்தாலும் கிடைக்காத பதிப்புகள் உண்டு. அதே சமயம், நிரந்தர ஆசிரியர் பணியிடங்கள் காலியாகி, கௌரவ விரிவுரையாளர்கள்தான் துறையைத் தாங்குகிற இடங்களும் உண்டு. அவர்களில் அருமையான ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வருடா வருடம் ஆள் மாறினால் மாணவர் பாடு கஷ்டம்.

இன்னொரு பிரிவினை, தன்னாட்சிக் கல்லூரியா, பல்கலைக்கழகத்தின் கீழ் நேராக நடக்கும் கல்லூரியா என்பது. தன்னாட்சி என்றால் பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே அமைத்துக்கொள்ளும், பட்டத்தைப் பல்கலைக்கழகம் தரும். லயோலா, மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி எல்லாம் 1978-லேயே இந்த உரிமை பெற்றவை. ஆங்கிலத்துக்குத் தன்னாட்சி ஒரு பெரிய வாய்ப்பு. நல்ல துறையாக இருந்தால் புதிய எழுத்தாளர்களை உடனே பாடமாக வைக்கலாம், கட்டுரை எழுதுவதற்கு இன்டர்னலில் (கல்லூரியே போடும் உள் மதிப்பெண்ணில்) அதிக மதிப்பெண் தரலாம். சுமாரான துறையாக இருந்தால் அதே தன்னாட்சி, கேள்வித்தாளை எளிதாக்கித் தேர்ச்சி விகிதத்தைக் காட்டுவதற்கும் பயன்படும். தன்னாட்சி என்ற சொல்லைப் பார்த்ததும் முடிவெடுத்துவிடாமல் அடுத்த படிக்குப் போக வேண்டியது இதனால்தான்.

படி 3: பாடத்திட்டத்தை இறக்கிப் படியுங்கள்

இதைப் பத்தில் ஒருவர்கூடச் செய்வதில்லை. எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கல்லூரி இணையதளத்தில் ஆங்கிலத் துறை பக்கத்தில் பாடத்திட்டம் பி.டி.எஃப். ஆக இருக்கும். தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் அது சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் தளத்தில் கிடைக்கும். பகுதி 1 தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி 2 பொது ஆங்கிலம், பகுதி 3 மேஜர், அதாவது முக்கியப் பாடமான ஆங்கில இலக்கியம். மற்றவற்றை விட்டுவிட்டு நேரே பகுதி 3-க்குப் போங்கள்.

தாளின் பெயர்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். பிரிட்டிஷ் இலக்கியம், அமெரிக்க இலக்கியம், இந்திய ஆங்கில எழுத்து, ஷேக்ஸ்பியர், விமர்சனம், மொழியியல். பெயரைப் பார்த்து ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு தாளுக்கும் கீழே ஐந்து அலகுகள் இருக்கும், அதில் எந்தெந்தப் படைப்பு என்று கொடுத்திருப்பார்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள்: முழு நாவல் எத்தனை, முழு நாடகம் எத்தனை, ஓர் அத்தியாயம் அல்லது ஒரு காட்சி மட்டும் எத்தனை. மூன்று வருடத்தில் முழு நாவலும் முழு நாடகமும் சேர்ந்து பதினைந்தாவது இருந்தால் எனக்குத் திருப்தி. எங்கு பார்த்தாலும் பகுதிகளாகவே வெட்டி வைத்திருந்தால், அங்கே கைடு ராஜ்யம்தான் நடக்கும்.

அடுத்து, கடைசியாக வரும் எழுத்தாளர்களைப் பாருங்கள். பாடம் 1950-களிலேயே நின்றுவிடுகிறதா? பெண்களின் எழுத்தும் தலித் எழுத்தும் ஆப்பிரிக்க, இலங்கை எழுத்தாளர்களும் இருக்கிறார்களா? தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன படைப்புகள் இருக்கின்றனவா? இதை நான் தனியாகவே தேடிப் பார்ப்பேன். தான் ஏற்கெனவே தமிழில் அறிந்த உலகத்தை ஆங்கிலத்தில் படிக்கும் மாணவருக்கு, மொழிபெயர்ப்பு என்றால் என்ன என்பது ஒரே வாரத்தில் புரிந்துவிடும்.

கடைசியாக மதிப்பீட்டு முறை. பல்கலைக்கழக முறையில் பெரும்பாலும் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. தன்னாட்சிக் கல்லூரிகளில் இது மாறும். இன்டர்னலில் கட்டுரை, செமினார், புத்தக மதிப்புரை என்று எதுவும் இல்லாமல் இரண்டு டெஸ்ட் மட்டும் என்றால் எழுதிப் பழக வழியே இருக்காது. மூன்றாம் வருடத்தில் ப்ராஜெக்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 4: ஆசிரியர் பட்டியல்

துறை பக்கத்தில் ஆசிரியர் பெயர், தகுதி, சேர்ந்த வருடம், ஆர்வத் துறை எல்லாம் இருக்கும். சேர்ந்த வருடம்தான் அதிகம் பேசும். எல்லோரும் கடந்த இரண்டு வருடத்தில் சேர்ந்தவர்கள் என்றால், ஏன் என்று விசாரியுங்கள். ஆர்வத் துறை என்ற இடத்தில் பலவிதமாக இருப்பது நல்ல அறிகுறி: ஒருவர் நாடகம், ஒருவர் மொழியியல், ஒருவர் மொழிபெயர்ப்பு. எம்.ஏ., பிஎச்.டி. நடக்கும் துறை என்றால் கூடுதல் பலம். சீனியர்கள், கருத்தரங்குகள், வந்துபோகும் எழுத்தாளர்கள் எல்லாம் பி.ஏ. பிள்ளைகளுக்கும் கிடைப்பார்கள்.

படி 5: நாக், என்.ஐ.ஆர்.எஃப். எண்களை அளவோடு பாருங்கள்

நாக் என்பது கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் தரும் தேசிய அமைப்பு. அதன் தரத்தில் ஏ++ என்றால் 4-க்கு 3.51 அல்லது அதற்கு மேல். ஏ+ என்றால் 3.26 முதல் 3.50 வரை. இந்தத் தரம் முழுக் கல்லூரிக்கானது. வேதியியல் துறையின் ஆராய்ச்சிக்கும் ஆங்கிலத் துறையின் வகுப்புக்கும் சேர்த்துத்தான் ஒரே எழுத்து. எந்த வருடம் வாங்கியது என்றும் பாருங்கள்.

மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையை விட, அதற்காகக் கல்லூரி கொடுத்த தரவுகள் பயனுள்ளவை. அதைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் போட்டிருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், நூலகத்துக்கு எவ்வளவு செலவு செய்தார்கள் என்று அதில் இருக்கும். சேர்ந்தவர்களுக்கும் முடித்தவர்களுக்கும் இடையில் பெரிய பள்ளம் இருந்தால் யோசியுங்கள்.

படி 6: நேரில் போய்ப் பாருங்கள்

இரண்டு மூன்று கல்லூரிகளைச் சுருக்கி வைத்துக்கொண்டு ஒருநாள் போய் வாருங்கள். முடிந்தால் பிளஸ் டூ படிக்கும்போதே, கல்லூரி நடக்கும் நாளில். மே மாதத்தில் போனால் காலிக் கட்டடத்தைத்தான் பார்க்க முடியும்.

முதலில் நூலகம். ஆங்கில இலக்கிய அலமாரியில் நாலைந்து நாவல்களை எடுத்துப் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். சமீபத்தில் யாராவது எடுத்துப் போயிருக்கிறார்களா? பதிவு கணினியில் என்றால், புத்தகத்தின் ஓரங்களைப் பாருங்கள். படிக்கப்பட்ட புத்தகம் பார்த்தாலே தெரியும். பி.ஏ. மாணவருக்கு ஒரு நேரத்தில் எத்தனை புத்தகம் தருவார்கள், அலமாரிக்குள் நாமே போய்த் தேடலாமா, என்-லிஸ்ட் மின்னூல் வசதி மாணவர்களுக்கும் உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் இந்திய ஆங்கில இலக்கியத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் என்றே சைலட் என்ற தனி ஆய்வு மையமும் நூலகமும் இருக்கிறது. அப்படி ஒன்று பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய கொடை என்பது மூன்றாம் வருட ப்ராஜெக்ட் எழுதும்போது தெரியும்.

ஊரின் நூலகத்தையும் கணக்கில் சேருங்கள். சென்னையில் 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகமும், 2010-ல் வந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. மதுரையில் 2023 முதல் கலைஞர் நூற்றாண்டு நூலகம். மதியம் வகுப்பு முடிகிற ஷிப்ட் என்றால் மாலை முழுக்க அங்கே உட்காரலாம். சுமாரான கல்லூரியில் சேர்ந்தும் இப்படி நூலகத்தில் வளர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் மாணவர்கள். கேன்டீன் பக்கம் நிற்கும் இரண்டாம் வருட ஆங்கில மாணவர் யாரிடமாவது போய், "இந்த செமஸ்டர்ல என்ன நாவல் படிக்கிறீங்க? உங்களுக்குப் பிடிச்சுதா அண்ணா?" என்று கேளுங்கள். கல்லூரி எப்படி என்று கேட்டால் எல்லோரும் "நல்லாருக்கு" என்றுதான் சொல்வார்கள். நாவலைப் பற்றிக் கேட்டால் உண்மை தானாக வரும். கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டால் அங்கே படிக்கிறார்கள். "எக்ஸாமுக்கு முன்னாடி கைடு பாத்துக்கலாம்" என்றால், உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

துறைத் தலைவரைப் பார்க்க முடிந்தால் ஒரே கேள்வி போதும்: "வகுப்பில் மூலப் புத்தகத்தை வைத்து நடத்துவீர்களா, மேடம்?"

படி 7: தமிழ் வழியில் படித்தவரா நீங்கள்?

பயப்பட வேண்டாம். நானும் அப்படித்தான். ஆனால் உங்களுக்குக் கல்லூரித் தேர்வு இன்னும் முக்கியம். இரண்டு விதமான வகுப்புகள் உங்களுக்கு ஆகாது. முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்று நினைத்து ஓடும் வகுப்பு ஒன்று. எல்லாவற்றையும் தமிழில் கதையாகச் சொல்லிவிட்டு, தேர்வுக்கு ஆங்கிலக் குறிப்பை மனப்பாடம் செய்யச் சொல்லும் வகுப்பு இன்னொன்று. இரண்டாவது இதமாக இருக்கும், ஆனால் மூன்று வருடம் கழித்து ஒரு பத்தி சொந்தமாக எழுத வராது.

நடுவில் இருப்பதைத் தேடுங்கள். ஆரம்ப வாரங்களில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் பிரிட்ஜ் கோர்ஸ் நடத்துகிறார்களா, தப்பும் தவறுமாகப் பேசினாலும் பேச விடுகிறார்களா, எழுதியதைத் திருத்தித் திருப்பித் தருகிறார்களா? வகுப்பில் எத்தனை பேர் என்பதும் இங்கே முக்கியம். எழுபது பேர் இருக்கும் வகுப்பில் வாரம் ஒரு கட்டுரையைத் திருத்துவது எந்த ஆசிரியருக்கும் கடினம். வெளியூரில் பெரிய பெயருள்ள கல்லூரியின் நெரிசலான பிரிவை விட, உள்ளூரில் நாற்பது பேருடன் அக்கறையாக நடக்கும் துறை உங்களுக்கு நல்லது என்பது என் கருத்து.

படி 8: விண்ணப்பம்

அரசுக் கல்லூரிகளுக்கு டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. இணையதளம் வழியாக ஒரே விண்ணப்பம். பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்தில் திறக்கும். கடந்த சில வருடங்களாகப் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டும். கணினி வசதி இல்லாதவர்கள் அருகிலுள்ள அரசுக் கல்லூரியின் உதவி மையத்துக்குப் போகலாம்.

ஆங்கிலம் எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: இங்கே பி.ஏ. ஆங்கிலத்துக்கு ரேங்க் போடுவது பிளஸ் டூவின் ஆங்கில மதிப்பெண்ணை வைத்து. தமிழுக்கு இதேபோலத் தமிழ் மதிப்பெண். மற்ற பாடங்களுக்குத்தான் நான்கு பாட மொத்தம், 400-க்கு. அதனால் கணக்கிலோ அறிவியலிலோ மதிப்பெண் குறைந்துபோன, ஆனால் ஆங்கிலத்தில் 90-க்கு மேல் வைத்திருக்கும் பிள்ளை, "என் மொத்தத்துக்கு இடம் கிடைக்காது" என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விட்டுவிடக் கூடாது. ஆங்கிலத்துக்கு ரேங்க் லிஸ்ட் தனி என்பதால் கலந்தாய்வு தேதியும் தனியாக வரலாம். இடஒதுக்கீடு 69 சதவீதம். உங்கள் பிரிவின் வரிசை எண்ணைப் பாருங்கள், பொது வரிசையை மட்டும் பார்த்து மனம் தளர வேண்டாம்.

உதவி பெறும் கல்லூரிகளும் சுயநிதிக் கல்லூரிகளும் தனித்தனியாக விண்ணப்பம் தரும். தேதிகளும் வேறு வேறு. ஒரு காகிதத்தில் தேதிகளை எழுதி சுவரில் ஒட்டுங்கள். தில்லிப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களை நினைப்பவர்கள், 2022 முதல் நடக்கும் கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வுக்குப் பிளஸ் டூ முடிவு வரும் முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கும். மே மாதத்தில் நினைவு வந்தால் அந்த வருடம் போய்விடும்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு. மாணவிகளுக்குப் புதுமைப் பெண், 2022-லிருந்து. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024-லிருந்து. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இதில் வருகிறார்கள். கட்டணக் கணக்குப் போடும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் மாதம் ஒரு புத்தகமாவது வாங்க முடியும்.

படி 9: இடம் கிடைத்த பிறகு

இரண்டு இடங்களில் கிடைத்தால், முதலில் அழைத்த கல்லூரி "இன்றே கட்டுங்கள்" என்று அவசரப்படுத்தும். கட்டுவதானால் முதல் தவணை மட்டும் கட்ட முடியுமா என்று கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தர வேண்டாம். விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றியும், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பற்றியும் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-ல் தெளிவாக அறிவித்திருக்கிறது. அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள், பணிவாக, ஆனால் உறுதியாக. மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஐந்து நகல்கள் எடுத்து, போனிலும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுக் கல்லூரியில் முதல் சுற்றில் வராவிட்டால் அடுத்த சுற்றுகள் உண்டு. முதல் சுற்றில் இடம் வாங்கிய பலர் பொறியியல், சட்டம், பாலிடெக்னிக் என்று கிளம்பிவிடுவதால் ஜூன், ஜூலையில் இடங்கள் காலியாகும். விண்ணப்பத்தில் கொடுத்த போன் எண்ணை மாற்றாமல் வைத்திருங்கள். குறுஞ்செய்தி வரும் என்று மட்டும் காத்திருக்காமல், நீங்கள் விரும்பும் கல்லூரியின் அறிவிப்புப் பலகையை வாரம் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து, இன்னும் எத்தனை இடம் இருக்கிறது என்று ஆங்கிலத் துறையிலேயே கேட்டுவிட்டு வாருங்கள்.